மண் மூச்சு விடுகிறது

நிலத்தையும் வீட்டையும் "அசையாச் சொத்து" என்று நம் பத்திரங்களில் எழுதுகிறோம். பொன்னும் பணமும் கைமாறும், களவு போகும். நிலமோ இருந்த இடத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையே அப்பெயருக்குக் காரணம். ஆயினும் நம்முள் பலருடைய வீட்டுச் சுவர்கள் வேறொரு செய்தியைச் சொல்லுகின்றன. புதுமனை புகுந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைந்திருக்கமாட்டா. ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு கீறல் சாய்வாக மேல்நோக்கி ஓடுகிறது. ஒரு பருவத்தில் அது விரிகிறது. மறு பருவத்தில் ஓரளவு மூடிக்கொள்கிறது. தடையின்றித் திறந்துகொண்டிருந்த கதவு திடீரென நிலையில் உராய்ந்து இறுகுகிறது.

வீட்டார் கொத்தனாரைக் குறை கூறுவர். கொத்தனார் சிமெண்டைக் குறை கூறுவார். மனை ராசியில்லாதது என்று சொல்லி அச்சுறுத்துவோரும் உண்டு. ஆண்டுதோறும் கீறலை அடைத்து, பூசி, வெள்ளையடிக்கிறோம். அடுத்த ஆண்டு அது மீண்டும் தலைகாட்டுகிறது. கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் கட்டிய வீட்டுக்கு இந்நிலை நேரும்போது ஒரு குடும்பம் படும் வேதனை சிறிதன்று. பல இடங்களில் குற்றம் சுவரில் இல்லை. சுவரைத் தாங்கும் மண்ணில் இருக்கிறது. மண்ணில் மட்டுமன்று; அம்மண்ணில் வேரூன்றிய மரத்திலும், அதன்மேல் பெய்தும் பொய்த்தும் விளையாடும் மழையிலும் இருக்கிறது. மண், தாவரம், தட்பவெப்பம் ஆகிய இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதை மண் பொறியியலார் கடந்த நூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றுள் ஒரு குடும்பத் தலைவரும் தலைவியும் அறிந்துகொள்ளவேண்டியவை எவை என்பதை ஈண்டுக் காண்போம்.

கரிசலின் இயல்பு

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் வாழ்வோர்க்குக் கரிசல் மண்ணைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. மழைக்காலத்தில் காலைப் பற்றி இழுக்கும் சேறு. கோடையில் பாளம் பாளமாய் வெடித்து, கைத்தடியை உள்ளே விட்டால் அடி தெரியாத வெடிப்பு. பருத்திக்கு ஏற்ற இம்மண் வீட்டுக்குச் சோதனையாக அமைவது ஏன்?

களிமண் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளால் ஆனது. எல்லாக் களிமண்ணும் ஒருதன்மையானதன்று. கரிசலில் மிகுந்திருப்பது "மான்ட்மோரிலோனைட்" என்னும் கனிமம். பிரான்சு நாட்டின் மான்ட்மோரியோன் என்ற ஊரின் பெயரால் அது வழங்குகிறது. அதன் தகடுகள் அடுக்கி வைத்த தாள்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். தண்ணீர் அத்தகடுகளின் இடையே புகுந்து அவற்றை விலக்கும், மண் உப்பும். தண்ணீர் வெளியேறினால் தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும். இக்கனிமத்தின் ஒரு கிராமிலுள்ள தகடுகளின் பரப்பையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 800 சதுர மீட்டர் ஆகும். நம் கணக்கில் சொன்னால் இருபது சென்ட் மனை! ஒரு சிட்டிகை மண்ணுக்குள் இத்தனை பரப்பு தண்ணீருக்காகக் காத்திருக்கிறது என்றால், மழை பெய்ததும் அது உப்புவதில் வியப்பென்ன?

மண் உப்புமா உப்பாதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இந்தியத் தர நிறுவனம் 1977ஆம் ஆண்டிலேயே அதற்கு முறை வகுத்துள்ளது. உலர்த்திச் சலித்த மண்தூள் பத்துக் கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் இடப்படும். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 மில்லி லிட்டர் அளவுவரை ஊற்றி, ஒரு நாள் முழுதும் அசையாமல் வைக்கப்படும். மண்ணெண்ணெயில் களிமண் உப்புவதில்லை, தண்ணீரில் உப்பும். தண்ணீர்க் குழாயில் படிந்த மண்ணின் அளவு மண்ணெண்ணெய்க் குழாயில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், அம்மண்ணில் வீடு கட்டுவோர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். மண் பரிசோதனைக் கூடங்கள் இதைச் செய்து தரும். பல இலட்சம் செலவிட்டுக் கட்டும் வீட்டுக்கு இச்செலவு பெரிதன்று.

இன்னொன்றையும் நாம் கவனிக்கவேண்டும். உப்பும் மண் மேல்நோக்கித் தள்ளும் விசை பெரிது. பல மாடிக் கட்டடத்தின் பாரம் அவ்விசையை ஓரளவு அடக்கிவிடும். நாம் கட்டும் ஒற்றை மாடி வீட்டின் பாரமோ பல இடங்களில் அதற்குப் போதாது. ஆகவே இம்மண்ணின் சோதனை மாளிகையைவிட எளியோரின் வீட்டையே மிகுதியாகத் தாக்குகிறது. சுற்றுச்சுவர், திண்ணை, தளம் போன்ற பாரம் குறைந்த பகுதிகள் முதலில் வெடிப்பதும் இதனாலேயே.

ஈரமணலின் பாடம்

கடற்கரையில் குழந்தைகள் மணல்வீடு கட்டுவதைப் பார்த்திருப்போம். காய்ந்த மணலைக் குவித்தால் சரிந்துவிடும். தண்ணீருக்குள் மூழ்கிய மணலும் நில்லாது. சற்றே ஈரமான மணல் மட்டும் செங்குத்தாக நிற்கும். காரணம் என்ன? மணல் துகள்களின் இடையே ஒட்டியிருக்கும் சிறிதளவு தண்ணீர் அத்துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. முழுதும் நனைந்துவிட்டால் அவ்விழுவிசை மறைந்துபோகிறது.

இவ்வுண்மையே மண் பொறியியலின் அடிப்படை. 1883இல் பிராகா நகரில் பிறந்த கார்ல் டெர்சாகி என்னும் அறிஞர், இஸ்தான்புல் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது எளிய கருவிகளைக் கொண்டு களிமண்ணை ஆராய்ந்தார். 1925இல் அவர் வெளியிட்ட நூலோடு மண் இயக்கவியல் தனி அறிவியலாகப் பிறந்தது என்பர். மண்ணின் வலிமை துகள்களில் மட்டும் இல்லை. துகள்களின் இடையேயுள்ள தண்ணீர் அவற்றைத் தள்ளுகிறதா, இழுக்கிறதா என்பதையும் பொறுத்தது என்பதே அவர் கற்பித்த பாடம். தண்ணீர் நிறைந்து தள்ளினால் மண் தளரும். தண்ணீர் குறைந்து இழுத்தால் மண் இறுகும். களிமண்ணில் துளைகள் மிக நுண்ணியவை. ஆகவே இழுவிசையும் மிகப் பெரிது. அவ்விழுவிசை மண்ணை இறுக்குவதோடு நிற்பதில்லை; சுருக்கவும் செய்கிறது.

சமவெளியிலும் மலையிலும் நிகழ்வனவற்றை விளக்க இந்த ஒரு கருத்து போதும். சுருங்குவது வீட்டுக்குத் தீங்கு. இறுகுவது மலைச்சரிவுக்கு நன்மை. இரண்டையும் செய்வது ஒன்றே.

மரம் என்னும் இறைப்பான்

மண்ணிலிருந்து தண்ணீரை வெளியேற்றுபவை இரண்டு. ஒன்று வெயில், மற்றொன்று தாவரம். வெயில் தரையின் மேற்பகுதியை உலர்த்தும். மரமோ தன் வேர்கள் சென்ற ஆழம்வரை மண்ணை உலர்த்தும். வேர் உறிஞ்சிய நீர் இலைகளின் வழியே ஆவியாகி வானத்துக்குச் செல்கிறது. வளர்ந்த பெருமரம் ஒன்று கோடை நாளில் நூறு லிட்டருக்கு மேலும் நீரை இவ்வாறு இறைத்துவிடும். ஏறக்குறைய 15 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான விசையோடு மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாலும், தாவரங்கள் அதையும் மீறி உறிஞ்சவல்லவை. பேருந்துச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு. ஓசையின்றி இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் இயந்திரம் வேறு எது?

களிமண் நிலத்தில் வீட்டையொட்டி நிற்கும் மரம் இதைச் செய்யும்போது, மரத்தின் பக்கத்து மண் சுருங்கித் தாழ்கிறது, மறுபக்கம் தாழ்வதில்லை. அடித்தளம் ஒருபுறம் இறங்க, சுவர் சாய்வாகக் கீறுகிறது. இந்த உண்மையைப் பெருமளவில் உலகுக்கு உணர்த்தியது இங்கிலாந்தின் 1976ஆம் ஆண்டுக் கோடை. இலண்டன் மாநகரின் பெரும்பகுதி உப்பிச் சுருங்கும் களிமண்மீது அமைந்தது. முந்திய கோடையும் குளிர்காலமும் மழை குறைந்தே கழிந்திருந்தன. 1976இல் கடும் வறட்சி வந்தபோது, ஓக், பாப்லர், வில்லோ மரங்கள் களிமண்ணின் அடிவரை தண்ணீரைத் தேடின. தென்கிழக்கு இங்கிலாந்தில் எண்ணற்ற வீடுகளில் சுவர்கள் வெடித்தன. 1971 முதல்தான் அந்நாட்டு வீட்டுக் காப்பீட்டில் நிலம் தாழ்வதற்கும் இழப்பீடு சேர்க்கப்பட்டிருந்தது. ஐந்தே ஆண்டுகளில் காப்பீட்டு நிறுவனங்கள் அதன் பொருளை உணர்ந்தன. 2003, 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் வறண்ட கோடைகளிலும் இதே கதை அங்கு மீண்டும் நிகழ்ந்தது.

அப்படியானால் வீட்டருகே நிற்கும் மரத்தை வெட்டிவிடலாமா? பொறுங்கள். இங்குதான் பலர் இடறுகின்றனர். வீட்டுக்கு முன்னரே அங்கு நின்ற முதிய மரம் ஒன்றை வெட்டினால், பல ஆண்டுகளாக அது உலர்த்தி வைத்திருந்த மண் மெல்ல மெல்லத் தண்ணீரை மீட்டுக்கொண்டு உப்பத் தொடங்கும். வீடு கட்டும்போது மண் சுருங்கியிருந்தது. இப்போது அது பழைய அளவுக்கு எழும்புகிறது. அவ்வெழுச்சி ஓராண்டில் முடிவதில்லை. களிமண்ணுள் தண்ணீர் மிக மெதுவாகவே நகரும் ஆதலால், பத்தாண்டுகளுக்கு மேலும் அது நீடிக்கக்கூடும். தாழ்வதைவிட எழுவது வீட்டுக்குப் பெருங்கேடு. வீட்டைவிட இளைய மரமாயின், அதை அகற்றினால் மண் தன் முந்தைய நிலைக்குத் திரும்பும், ஆபத்து குறைவு. ஆகவே கோடரியை எடுக்குமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி: முன்னே வந்தது மரமா, வீடா?

இங்கிலாந்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் எளிய வழிகாட்டல் நமக்கும் பயன்படும். களிமண் நிலத்தில் மரத்துக்கும் வீட்டுக்கும் இடையே, அம்மரம் முழுமையாக வளர்ந்தபின் எவ்வளவு உயரம் இருக்குமோ அவ்வளவு தூரமாவது விடவேண்டும் என்பதே அது. நாம் நடும்போது வேப்பங்கன்று முழங்கால் உயரமே இருக்கும். ஆலும் அரசும் சுவரின் இடுக்கில் விளையாட்டாக முளைக்கும். நாம் கணக்கிடவேண்டியது கன்றையன்று. நம் பேரப்பிள்ளைகள் காணப்போகும் மரத்தை. பங்கு ஆலயமோ பள்ளியோ எழுப்பும்போதும், அவற்றைச் சுற்றி மரம் நடும்போதும் இதையே நினைவிற்கொள்வது நல்லது.

மலையில் மாறும் கணக்கு

சமவெளியில் வீட்டுக்கு வம்பு செய்யும் மரம் மலையேறினால் காவலனாகிறது. மலைச்சரிவில் மண் நிற்பதற்கு நாம் முன்சொன்ன இழுவிசையே பெருந்துணை. மரம் தண்ணீரை இறைத்து அவ்விழுவிசையைக் காக்கிறது. இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்களோ, மண்சுவருக்குப் பிசையும் மண்ணில் வைக்கோல் கலப்பதுபோல, கான்கிரீட்டினுள் கம்பி வைப்பதுபோல, மண்ணைப் பின்னிப் பிடிக்கின்றன.

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டியென் வூ என்பவரும் அவர்தம் துணைவரும் அலாஸ்காவிலுள்ள வேல்ஸ் இளவரசர் தீவில் இதை ஆராய்ந்து 1979இல் வெளியிட்டனர். காடு வெட்டப்பட்ட உடனே சரிவுகள் விழுந்துவிடவில்லை. வெட்டிய மரங்களின் வேர்கள் மண்ணுள் மடிந்து மக்கிய பின்னரே, சில ஆண்டுகள் கழித்து, சரிவுகள் மிகுந்தன. மரத்தை வெட்டியவர் பயனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். விளைவோ பின்னர் அங்கு வாழ்வோர் தலையில் விழுகிறது. இவ்வுண்மை எஞ்சினியர்களுக்கு மட்டும் உரியதன்று.

மழை இந்த இழுவிசையை எவ்வாறு பறிக்கிறது என்பதற்கு ஹாங்காங் பெருஞ்சான்று. 1972ஆம் ஆண்டு ஜூன் 16 முதல் 18 வரை மூன்று நாள்களில் அங்கு 650 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்தது. 18ஆம் நாள் சாவ் மாவ் பிங் என்ற இடத்தில் தளர்வாகக் கொட்டி நிரப்பிய மண் சேறாகி வழிந்து 71 பேரைப் பலிகொண்டது. அதே நாளில் போ ஷான் சாலையில் மலைச்சரிவு பெயர்ந்து பன்மாடிக் குடியிருப்பைச் சாய்த்தது. 67 பேர் மாண்டனர். 1976 ஆகஸ்டில் சாவ் மாவ் பிங்கில் மறுபடியும் சரிவு நேர்ந்து 18 பேர் உயிரிழந்தனர். அதன்பின் 1977இல் மலைச்சரிவுகளைக் கண்காணிக்கவென்றே தனி அலுவலகம் அங்கு அமைக்கப்பட்டது.

ஹாங்காங் சரிவுகளில் மழைநீர் உட்புகாமல் தடுக்கப் பூசப்பட்ட ஒரு பூச்சுக்கு "சுனாம்" என்று பெயர். மண்ணும் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த கலவை அது. பெயரைக் கேட்டவுடனேயே நம்மவர் இனங்கண்டுகொள்வர். நம் நாட்டுச் சுண்ணாம்பே ஆங்கிலேயர் வாயிலாகக் கடல் கடந்து அப்பெயரைப் பெற்றது. தண்ணீரை அது ஓரளவு தடுத்தது. ஆனால் வெடித்த இடங்களில் நீர் புகுந்தது, மலையும் சாம்பல் நிறச் சுவராகிப் பசுமை இழந்தது. பிற்காலத்தில், பாதுகாப்புக்கு ஊறில்லாத இடங்களில், சரிவினுள் இரும்புக் கம்பிகளைச் செருகி உறுதிப்படுத்தி, மேலே வலை விரித்துப் புல்லும் செடியும் வளர்க்கும் முறைக்கு அங்குள்ள பொறியியலார் மாறினர். மரஞ்செடிகள் மட்டும் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. அவை வேண்டாம் என்று ஒதுக்கவும் இல்லை.

நீலகிரியும் வயநாடும்

நம் நீலமலையிலும் இவ்வேதனையை நாம் கண்டிருக்கிறோம். 1978, 1979ஆம் ஆண்டுகளில் அங்குப் பல சரிவுகள் நேர்ந்தன. 1993 நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை சரிந்து பலர் உயிரிழந்தனர். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டி மீட்டர் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சோலைகளும் புல்வெளிகளும் இருந்த சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட மண் திறந்துவிடப்பட்டது; வீட்டுக்கும் சாலைக்குமாகச் சரிவின் அடிவாரம் வெட்டப்பட்டது; ஓடைகள் அடைக்கப்பட்டன. சரிவின் அடியை வெட்டுவது சாய்ந்து நிற்பவனின் காலைத் தட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் மரம் இருந்தால் மலை விழாது என்று எண்ணிவிடுவதும் தவறு. 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை வாரிச் சென்று இருநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பெருஞ்சரிவு, ஏறக்குறைய 1550 மீட்டர் உயரத்தில் காட்டுப் பகுதியிலேயே தொடங்கியது. பெரும்பாலான வேர்கள் ஓரிரு மீட்டர் ஆழம்வரையே அடர்ந்து பரவும். அதற்குக் கீழே மண் பெயருமாயின் மரங்களும் மண்ணோடு சேர்ந்தே பெயரும். நாள் கணக்கில் மழை பெய்து மண் நிறைந்துவிட்டால் இலைகள் இறைக்கும் நீர் ஒரு பொருட்டாகாது. அன்றைய மழை, உலகம் வெப்பமடைந்ததன் விளைவாக ஏறக்குறைய பத்து விழுக்காடு மிகுந்திருந்தது என்று அறிவியலார் மதிப்பிட்டுள்ளனர். பத்து விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். விளிம்புவரை நிறைந்த குடத்தைக் கவிழ்க்க எத்தனை துளி வேண்டும்?

வெட்டிவேரின் பெருமை

நம் இல்லங்களில் தண்ணீர்ப் பானையில் இடுவதற்கும், கோடையில் தட்டி கட்டி நனைத்து வைப்பதற்கும் பயன்படும் வெட்டிவேரை உலகப் பொறியியலார் இன்று போற்றுகின்றனர். நம் தமிழ்ப் பெயராலேயே அது பல நாடுகளில் அழைக்கப்படுகிறது. இப்புல்லின் வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக இறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டருக்கு மேலும் செல்லும். மலேசியாவில் நெடுஞ்சாலைச் சரிவுகளில் இதை நட்டு ஆராய்ந்த பொறியியலார், அதன் வேர்களின் இழுவலிமை சாதாரண எஃகின் வலிமையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்று கண்டனர். மெல்லிய வேர்கள்தாம், ஆனால் ஆயிரமாயிரமாக இறங்கும்போது மண்ணைத் தைத்துவிடுகின்றன. தரைக்குமேல் அடர்ந்து நிற்கும் தாள்கள் ஓடும் நீரை மறித்து, வண்டலைத் தேக்குகின்றன.

1980களில் உலக வங்கியின் வேளாண் அலுவலர்கள் இந்தியாவில் மண் அரிப்பைத் தடுக்க இதைப் பரிந்துரைத்தனர். 1990களில் தாய்லாந்து மன்னர் பூமிபால் தம் நாட்டில் இதைப் பரப்பினார். நெருக்கமாக வரிசையிலும் சம உயரத்திலும் நடவேண்டும். அடர்ந்த நிழலில் இது செழிக்காது. ஆழமான சரிவை இது தடுக்காது. இவ்வெல்லைகளை அறிந்து பயன்படுத்தினால், வரப்புக்கும் ஓடைக்கரைக்கும் சாலையோரச் சரிவுக்கும் குறைந்த செலவில் இதைவிட நல்ல காவல் அரிது.

கண்மாய்க் கரைகளில் பனை வளர்த்த நம் முன்னோரும் இவ்வறிவைப் பெற்றிருந்தனர் எனலாம். பனையின் வேர்கள் நார்போல் கொத்தாக இறங்கிக் கரையைப் பிணைக்கின்றன. பருத்த வேருடைய பெருமரங்கள் கரைமேல் வளர்வதைப் பொறியியலார் விரும்புவதில்லை. மரம் பட்டுப்போனபின் அதன் வேர் மக்கிக் குழாயாகி, அதன் வழியே நீர் கசிந்து கரையை அரிக்கக்கூடும்.

வானம் மாறும்போது

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. நீண்ட வறட்சி, பிறகு சில நாள்களில் பெருமழை என்பது நம் தென்மாவட்டங்களுக்குப் பழகியதே. ஆனால் 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 95 சென்டி மீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் கண்மாய்க் கரைகள் பல உடைந்தன, ஊர்கள் தீவுகளாயின. வெப்பமடைந்த காற்று மிகுதியான ஈரத்தைச் சுமக்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். மழையற்ற காலத்திலோ அதே வெப்பம் மண்ணை மேலும் உலர்த்தும்.

இவ்விரண்டும் அடுத்தடுத்து வருவதே மண்ணுக்குப் பெருஞ்சோதனை. வறட்சியில் ஆழமாக வெடித்த களிமண் கரையில் முதல் பெருமழை மேற்பரப்பு வழியே மெல்ல ஊறுவதில்லை. வெடிப்புகளின் வழியே நேராக உள்ளே பாய்கிறது. முன்பு ஐம்பது ஆண்டுக் கணக்கைப் பார்த்து வடிவமைத்த வாய்க்காலும் சரிவும் கரையும் இனிப் போதுமா என்று பொறியியலார் மறுகணக்கிடுகின்றனர். இன்று பல நாடுகளில் சரிவுகளினுள் கருவிகளைப் புதைத்து, மண்ணின் ஈரத்தையும் இழுவிசையையும் ஆண்டு முழுதும் அளந்து வருகின்றனர். மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்றது இது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

வீடு கட்டுமுன்: மனை வாங்கும்போது கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். அவை பொய் சொல்லமாட்டா. மண்ணைச் சோதித்த பிறகே வானம் தோண்டுங்கள். கரிசலாயின், ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழத்தில் மண்ணின் ஈரம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுவதில்லை. அவ்வாழம்வரை துளையிட்டு, அடியில் குமிழ்போல் அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்பி, அத்தூண்களின்மேல் உத்தரம் அமைத்து வீட்டை எழுப்புவது அம்முறை. உத்தரத்துக்கும் தரைக்கும் இடையே சிறு இடைவெளி விடப்படும். மண் உப்பினாலும் வீட்டைத் தொடாது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் கட்டி அவர்கள் காட்டிய வேறொரு வழி, மேல்மண்ணை அகற்றி, உப்பாத சரளைச் செம்மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு இட்டு இறுக்குவதாகும். எம்முறை பொருந்தும் என்பதைத் தகுதியுள்ள பொறியியலாரே முடிவு செய்யவேண்டும்.

வீடு கட்டிய பின்: மண் ஈரமாக இருப்பதனால் மட்டும் சுவர் வெடிப்பதில்லை, ஈரம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் மாறிக்கொண்டே இருப்பதே கேடு. ஆகவே குளியலறைத் தண்ணீரைச் சுவரடியில் விடாதீர்கள். ஒழுகும் குழாயை உடனே செப்பனிடுங்கள். சுவரையொட்டிப் பாத்தி கட்டி நாள்தோறும் நீர் பாய்ச்சாதீர்கள். வீட்டைச் சுற்றி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிநோக்கிச் சரியும் தளம் போட்டால், வெயிலும் மழையும் அடித்தளத்தின் அருகே நேரே தாக்கா. கீறல் தோன்றினால் பூசி மறைப்பதற்கு முன் அதன் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டு, நாளையும் அகலத்தையும் எழுதி, மாதந்தோறும் அளந்து வாருங்கள். ஓராண்டுக் குறிப்பைப் பார்த்தால், அது மண்ணின் மூச்சா, வேறு நோயா என்பதைப் பொறியியலார் எளிதில் கண்டுகொள்வர்.

மலையில் வாழ்வோர்: மரங்களும் மின்கம்பங்களும் புதிதாகச் சாய்தல், தரையில் பிறைவடிவ வெடிப்பு, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவை மலை தரும் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டால் பொருள்களை எண்ணித் தாமதிக்காமல் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு இடம்பெயருங்கள், அலுவலர்க்கும் அறிவியுங்கள். சரிவின் அடியை அனுமதியின்றி வெட்டுவது தன் மனையைப் பெருக்கும் காரியம் மட்டுமன்று. மேலே வாழும் அயலார் உயிரோடு விளையாடுவதுமாகும்.

மலைப்பொழிவின் முடிவில் நம் ஆண்டவர் கூறிய இரு வீடுகளின் உவமை நாம் அறிந்ததே. பொறியியலார் கண்ணோடு அதைப் பார்த்தால் ஒரு நுட்பம் புலப்படும். மணல் எப்போதும் கெட்ட மண் அன்று. நெருங்கி அமைந்த மணல்மீது எத்தனையோ கட்டடங்கள் உறுதியாக நிற்கின்றன. பாலஸ்தீன நாட்டில் கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைப்படுகைகள் கட்டுவதற்கு எளிய சமதரையாகத் தோன்றும். மாரியில் வெள்ளம் வந்து மணலை அரிக்கும்போதுதான் அறிவீனம் வெளிப்படும். அவ்வீட்டைக் கட்டியவன் கோடையை மட்டும் பார்த்தான், மாரியை எண்ணவில்லை.

நாமும் கோடையில் மனை பார்க்கிறோம். ஐப்பசியில் அங்குக் குடியிருக்கிறோம். இவ்வாண்டு மழை தொடங்குமுன், குடும்பத்தோடு ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து பார்ப்போமாக. கூரைத் தண்ணீர் எங்கு விழுகிறது, எவ்வழியே ஓடுகிறது, எந்த மரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, சுவர் எங்கே கீறியிருக்கிறது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. அரை மணி நேரம் போதும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். அவர்கள் நாளை வாழப்போவதும் அம்மண்ணின்மேல்தானே!